நாக்கில் வைத்த கல்

வேனில் விடைபெறவும் இல்லை. கார் வந்து சேரவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, எந்தப் பருவமும் உரிமை கோராத நாள்கள் சில ஆண்டுதோறும் வந்துபோகும். அந்நாள்களில் காற்று நின்று யோசிக்கும். இலைகள் அசைவின்றிக் கீழ்நோக்கித் தொங்கும். பகல் முழுதும் வெளிறிக் கிடக்கும் வானம் பிற்பகலில் மேற்கு விளிம்பில் மட்டும் சாம்பல் பூக்கும். அந்தியில் பூத்ததை மறைத்துக்கொண்டு மீண்டும் வெளுத்துவிடும். பெரிய வீடொன்றில் ஒருவர் நோயுற்றுக் கிடக்க, மற்றவர் யாவரும் குரலைத் தாழ்த்தி நடமாடுவதுபோல ஊரே அடங்கியிருக்கும். மழையை வேண்டிக் கும்பிடும் கைகளே, இன்னும் நான்கு நாள் பொறுத்து வரட்டும் என்றும் கும்பிடும். மூடப்படாத கூரைகள் அத்தனை இருந்தன.

குன்றின் அடிவாரத்தில், கல் உடைக்கும் பள்ளத்தை ஒட்டியிருந்த பட்டறைக்கு அதுவே மூச்சுவிட நேரமில்லாத காலம். அங்கே கூரைக்கான தார்த்தாள் செய்தார்கள். கந்தலும் நாரும் சேர்ந்த தடித்த தாளைக் கொதிக்கும் தாரில் முக்கி எடுப்பார்கள். கறுத்துப் பளபளத்து வரும் அதன்மேல் இன்னொரு பூச்சுத் தார். அது இறுகுமுன் மேலிருக்கும் கொட்டுவாயிலிருந்து வண்ணக் கல்நொய் சொரியும். இரும்பு உருளை அதை அழுத்திப் பதிக்கும். கல் பதியாத தார் வெயிலில் இரண்டு கோடை தாங்காமல் வெடிக்கும். தாருக்குக் கல்லே குடை.

கல்லுக்கு நிறம் ஏற்றுவதுதான் அரிய வேலை. அரிசி நொய்யளவு உடைத்துச் சலித்த கல்லோடு சிலிகேட் பாகும் சாயப்பொடியும் வெண்களியும் சேர்த்துப் பிசறி, சுழலும் இரும்பு உலைக்குள் விட்டுச் சுடவேண்டும். முறையாகச் சுட்டால் பாகு கண்ணாடியாகிக் கல்லோடு ஒன்றிவிடும்; எத்தனை மழை பெய்தாலும் நிறம் இறங்காது. தீ சற்றுக் குறைந்தால், கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். நனைந்ததும் பாகும் சாயமும் காரநீராய்க் கரைந்து ஓடும்.

வெந்ததா வேகாததா என்று அறிய ஒரு காலத்தில் ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி நொய்யைப் பானையில் இட்டு ஒரு மணிநேரம் கொதிக்கவைத்தார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் சரக்கு போகலாம். பிறகு உலைக்காரர் வந்தார். ஆறிய நொய்யில் உலையின் வாயிலிருந்து ஒன்று, வயிற்றிலிருந்து ஒன்று, வாலிலிருந்து ஒன்று என மூன்று கல் எடுத்து நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார். வேகாத கல் நாக்கில் வழுக்கும், பின்பு சுருக்கென்று கடிக்கும். வெந்த கல் ஆற்றுக்கல்போலச் சும்மா கிடக்கும். முதல் ஆண்டு முழுதும் பானையும் நாக்கும் ஒருமுறைகூட முரண்படவில்லை. இரண்டாம் ஆண்டில் முதலாளியம்மா பானையை இறக்கிவிட்டாள். அது நடந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. பானை எங்கே போயிற்று என்று இன்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

உலைக்காரரின் மனைவி அதே பட்டறையில் நொய் சலித்தாள். கல் உடைத்த தூசி அவளுடைய புருவத்தில் எப்போதும் வெண்மையாகப் படிந்திருக்கும். பட்டறையின் பின்புறம் வரிசையாக நின்ற ஒற்றையறை வீடுகளில் கடைசி அவர்களுடையது. அன்று நடுப்பகலில் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவளுடைய தம்பி வாசலில் நீளமாக நிழல் விழ வந்து நின்றான். கூரை போடுகிறவன், ஏணியைவிட உயரம் என்று சொல்லி ஊரார் அவனை ஏணி என்றே அழைத்தார்கள்.

"ஆணி வாங்க வந்தேன்க்கா. அப்படியே மாமா முகத்தைப் பார்த்துட்டுப் போகலாம்னு."

"உட்காருடா. ஒரு வாய் கஞ்சி குடி."

"ஐயோ வேணாம். மேல ஆஸ்பத்திரில இப்பத்தான் வயிறு முட்ட ஊத்தினாங்க. பிள்ளை பெத்தவங்களுக்கு ஆக்கினதுல எனக்கும் ஒரு பங்கு. இன்னும் பத்து நாள் அங்கேயே வேலை பார்த்தா எனக்கே பால் சுரந்துடும்."

உலைக்காரர் சிரித்தார். சிரித்தபடியே, "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார்.

"மூணே வரிசை. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுவேன், வானம் விட்டா. பச்சை என்ன பச்சை மாமா! வெயில் பட்டா கிளி உட்கார்ந்த மாதிரி இருக்கு. பெரிய நர்ஸம்மா கீழ நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருக்காங்க. உங்க நாக்குக்குத் தனியாச் சம்பளம் போடச் சொல்லணும்."

"போடா!"

"நெசமா. நேத்து குழாயையும் தொட்டியில சேர்த்தாச்சு. அந்தக் குன்றுல வேற ஏது தண்ணி? கிணறு தோண்டினா பாறை. கூரைத் தண்ணிதான் குடிக்க, குளிக்க எல்லாத்துக்கும். போன மழையோடது பாதித் தொட்டி கிடக்கு. இந்த மழை வந்தா ரொம்பிடும். புதுக் கட்டடத்துல நாலு பேரைக் கொண்டாந்து படுக்க வெச்சுட்டாங்க. சரி, நான் வரேன். மேற்கே பார்த்தீங்களா? இன்னைக்கு ஏமாத்தாது."

அவன் போனான். உலைக்காரர் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். ஊற்றினாள். குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்மூடினார்.

அதன் பிறகே அவள் தனக்கு ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் உறிஞ்சியவள் அப்படியே வெளியே ஓடித் துப்பினாள். கடல்நீரைக் காய்ச்சியதுபோல் கரித்தது. கஞ்சிக்கு உலையேற்றும்போது உப்புப் போட்டது நினைவிருந்தது. சலிப்பு வேலைக்கு நடுவே ஓடிவந்து கிளறியபோது மீண்டும் ஒரு பிடி போட்டிருக்கிறாள்.

வாசற்படியில் நின்றபடி உள்ளே பார்த்தாள். இரண்டு கிண்ணம் குடித்தவர் அமைதியாகச் சாய்ந்திருந்தார்.

"என்னங்க, கஞ்சி எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்."

"உப்பு?"

"சரியா இருந்துச்சு. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

வேனில் தொடக்கத்தில் அவருக்கு வந்த காய்ச்சல் அவள் நினைவுக்கு வந்தது. பதினொரு நாள் அனலாய்க் கிடந்து எழுந்தவர், அதற்குப்பின் சாப்பாட்டைக் குறைசொல்லவே இல்லை. முன்பெல்லாம் வெங்காயம் ஒரு நொடி கூடுதலாக வதங்கினாலும் முகம் சுளிப்பவர். மனுஷன் சாந்தமாயிட்டார் என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கான பச்சை நொய்யை மூட்டை கட்டிய அன்று அவளுடைய வியர்த்த உள்ளங்கை பச்சையாகியிருந்தது. தூசி என்று எண்ணிக் கழுவிவிட்டாள். சுட்ட நொய்க்கு ஏது அத்தனை தூசி?

ஒவ்வோர் உலையிலிருந்தும் ஒரு பிடியைச் சிறு பையில் கட்டிப் பட்டறைப் பரணில் வைப்பது வழக்கம். அவள் போய்க் கடைசிப் பையை, ஆஸ்பத்திரிப் பச்சையின் பையை, எடுத்துவந்தாள். கஞ்சிப் பானையைக் கவிழ்த்துக் கழுவி, அதில் நல்ல தண்ணீர் ஊற்றி, நொய்யைக் கொட்டி அடுப்பை மூட்டினாள். விறகு வெடிக்கும் ஓசையில் அவர் கண்விழித்தார்.

"மறுபடியும் என்ன வைக்கிறே?"

"நொய்."

"இப்பத்தானே குடிச்சோம்?"

"குடிக்கிற நொய் இல்லீங்க. உங்க நொய்."

அவர் எழுந்து வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார். முகம் இறுகிற்று.

"யாரைக் கேட்டு இதைப் பண்றே? பத்தொம்பது வருஷமா இந்தப் பட்டறையில ஒருத்தன் என் நொய்யை வேகவெச்சுப் பார்த்ததில்ல. முதலாளியம்மாவே பார்த்ததில்ல. கட்டின பொண்டாட்டி பார்க்கிறே!"

"நாக்கை நீட்டுங்க."

"என்னது?"

"கண்ணை மூடிட்டு நாக்கை நீட்டுங்க. ஒரே ஒரு தடவை."

அவளுடைய குரலில் சண்டை இல்லை. அதுவே அவரை அடக்கியது. நீட்டினார். அவள் ஒரு சிட்டிகை எடுத்து அவர் நாக்கில் வைத்தாள். அவர் வாயை மூடி, பரல்களை மேலண்ணத்தில் வைத்து நசுக்கி, நெடுநேரம் யோசித்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"சர்க்கரை" என்றார்.

அவள் உப்புக் குடுவையை அவர்முன் வைத்தாள். பானையின் விளிம்பில் முதல் குமிழிகள் ஏறின.

"எத்தனை நாளா?"

"காய்ச்சல் விட்ட அன்னைக்கே. எழுந்து வாய் கொப்புளிச்சேன். தண்ணியும் வேப்பங்குச்சியும் ஒண்ணா இருந்துச்சு. சரியாயிடும் சரியாயிடும்னு பார்த்தேன்."

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"உங்கிட்டச் சொன்னா அழுவே. முதலாளியம்மாகிட்டச் சொன்னா அன்னைக்கே வேற ஆள். இந்த வயசுல, இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு, என்னைக் கல்லு உடைக்கக்கூடக் கூப்பிட மாட்டாங்க. நான் யாரு? ஒரு நாக்கு. அதுவும் போச்சுன்னா..." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஆனா ஏமாத்தலம்மா. சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிச்சேன். வெந்த கல்லு உலைக்குள்ள கலகலன்னு விழும். வேகாதது பொத்துப் பொத்துன்னு விழும். நாலு உலை அப்படியே எடுத்தேன். நாலும் சுத்தம். ஒரு பழுது கிடையாது."

"அஞ்சாவது?"

அவர் அடுப்பைப் பார்த்தார்.

"அன்னைக்கு நிலக்கரி ஈரம். புகையா வந்துச்சு. சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு. மூணு கல்லு எடுத்து நாக்குல வெச்சேன். எல்லாரும் பார்த்துட்டு நிக்கிறாங்க, வைக்காம முடியுமா? ஆத்துக்கல் மாதிரி கிடந்துச்சு." குரல் தேய்ந்தது. "எனக்கு இப்ப எல்லாமே ஆத்துக்கல்தாம்மா."

தண்ணீர் கொதித்தது. முதலில் ஒரு நூல்போல, ஆடும் நொய்யினிடையே பசுமை எழுந்தது. பின்பு பாசி படர்வதுபோலப் பானை முழுதும் விரிந்தது. அவள் ஒரு துளியை விரலில் தொட்டு நாவில் வைத்தாள். சவர்க்காரம்போல் வழுக்கிச் சுருக்கென்று கடித்தது.

"இது ஒரு பிடிதானே" என்றார் அவர். "மத்தது வெந்திருக்கலாம்."

அவள் விறகை வெளியே இழுத்து அடுப்பை அணைத்தாள்.

"ரெண்டு மழை பெஞ்சா தானாக் கழுவிட்டுப் போயிடும். யாருக்குத் தெரியப்போகுது? சொல்லாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், சொல்லாதே." உண்மையாகவே அவருடைய கை தரையைத் தொட்டு அவளுடைய பாதத்தை நோக்கி வந்தது. அவள் பின்வாங்கினாள். கட்டிய நாள் முதல் அவர் அப்படிக் குனிந்து அவள் கண்டதில்லை. மேற்கே வானம் உறுமியது.

அவள் பானையைத் துணி சுற்றி அடுப்பிலிருந்து எடுத்தாள். இரு கைகளாலும் தாங்கி வாசலைத் தாண்டி நடந்தாள். பத்தடி போயிருப்பாள். பின்னால் செருப்பொலி விரைந்து வந்தது. தடுக்க வருகிறார் என்று எண்ணித் தோளை இறுக்கிக்கொண்டாள்.

"கை சுடும். குடு" என்றார் அவர்.

பானையை வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

முதலாளியம்மா தாளோட்டும் எந்திரத்தை ஒட்டிய சிற்றறையில் இருந்தாள். கணவர் மறைந்தபின் பட்டறையைத் தனியொருத்தியாய்த் தாங்கி நின்றவள். தாரின் ஆவி படிந்து பழுப்பேறிய கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் உருளைகள் சுழன்றுகொண்டிருந்தன. உலைக்காரர் பானையை அவளெதிரே வைத்தார். அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உள்ளே பார்த்தாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. இருபது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தவளுக்குப் பச்சைத் தண்ணீரை விளக்க வேண்டியதில்லை.

"எந்தச் சரக்கு?"

"ஆஸ்பத்திரிச் சரக்கும்மா" என்றார் அவர். பிறகு காய்ச்சலையும் நாக்கையும் சொன்னார்.

"ஏய்யா" என்றாள் அவள் மெல்ல, "உப்புப் போட்டுத்தானே திங்கிறே? மூணு மாசமாத் தினமும் என் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போனியே!"

அவர் தலை குனிந்தார். மனைவிக்கு அந்தச் சொல் நெஞ்சுக்குள் இறங்கிற்று. அவள் முன்னால் வந்தாள்.

"அம்மா, திட்டறதை அப்புறம் திட்டுங்க. குழாயை மட்டும் கழட்டச் சொல்லி ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. மழை இதோ வந்துடும்."

"கழட்டச் சொன்னா ஏன்னு கேப்பாங்க."

"சொல்லிடலாம்."

"சொன்னா நாளைக்கு இந்தக் கதவு மூடும். அந்தச் சன்னல் வழியாப் பாரு. எத்தனை தலை தெரியுது? எல்லாரும் உன்னை மாதிரி அடுப்பு வெச்சிருக்கிறவங்க."

"அங்க நாலு பேர் பிள்ளை பெத்துட்டுப் படுத்திருக்காங்கம்மா. அந்தத் தண்ணியைத்தான் குடிக்கணும்."

முதலாளியம்மா சன்னலையே பார்த்தாள். அவளும் ஒரு தாய். அது முகத்தில் தெரிந்தது. தெரிந்ததை மறைக்க அவள் பட்ட பாடும் தெரிந்தது.

"பானையை இறக்கினது நான்தான்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல். பின்பு திரும்பாமலே, "நீங்க வந்தீங்க. நான் இங்க இல்லை. அவ்வளவுதான். போங்க" என்றாள்.

குன்றேறும் பாதை செங்குத்தானது. மனைவி மழைக்கென ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டாள். பாதி வழியில் அவருடைய நெஞ்சு துருத்திபோல் இரைந்தது. ஒரு பாறையில் கைவைத்து நின்றுவிட்டார்.

"நீ போ. என்னால ஏற முடியல."

"நான் போய்ச் சொன்னா யார் நம்புவாங்க? சுட்ட கை உங்களது. நீங்க வந்துதான் ஆகணும்."

"அங்க எல்லாரும் இருப்பாங்க."

"இருக்கட்டும்."

"உன் தம்பி இருப்பான்."

"அவன் உங்க மச்சான்தானே, புலியா? ஏறுங்க. என் தோளைப் பிடிச்சுக்குங்க. கட்டின நாள்லேர்ந்து நான்தானே பின்னால வந்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் நான் முன்னால போறேன்."

அவர் அவளுடைய தோளைப் பற்றினார். காற்று நெடுநாள் யோசித்ததை முடிவுசெய்துகொண்டதுபோல் திடீரென்று எழுந்தது. இலைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் வெளிறிய அடிப்புறத்தைக் காட்டின. ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் கண்ணில் பட்டபோது முதல் துளிகள் விழுந்தன. ஒவ்வொன்றும் புறாமுட்டைபோலக் கனத்திருந்தன. பச்சைக் கூரை மழையில் நனைந்து ஒளிர்ந்தது. அதைவிட அழகான கூரையை அவள் அதுவரை கண்டதில்லை. அந்த அழகே அவளை அச்சுறுத்தியது.

தம்பி கூரைமேல் கடைசிச் சுருளை அவசரமாக விரித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா! என்ன இந்த மழையில? மாமாவையும் இழுத்துக்கிட்டு!"

"குழாயைக் கழட்டுடா!"

"என்ன?"

"தொட்டிக்குப் போற குழாய்! கழட்டு!"

"பைத்தியமா உனக்கு? தார் வெச்சு அடைச்சு, என்ஜினியர் தட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கார். யார் சொன்னது? முதலாளியம்மாவா?"

"அவங்க சொல்லல. நான் சொல்றேன்."

"நீ சொன்னா? கழட்டிப் போட்டா என் பேருதான் கெடும். போக்கா, ஓரமா நில்லு."

புதுக் கட்டடத்தின் கதவு திறந்தது. பெரிய நர்ஸ் குடையோடு வெளியே வந்து நின்றாள். சன்னல்களில் பெண்களின் முகங்கள் தெரிந்தன. உலைக்காரர் மனைவியின் தோளை விட்டார். கூரையை அண்ணாந்து, இரைக்கும் நெஞ்சிலிருந்து தன்னால் முடிந்த அளவு உரக்கக் கத்தினார்.

"நான்தான்டா தப்புப் பண்ணேன்! கல்லு வேகல. சாயம் கரையுது. என் நாக்கு செத்துப்போச்சுடா. மூணு மாசமாச் செத்துக் கிடக்கு. எனக்கு ஒரு எழவும் தெரியல!"

மழையின் ஓசையையும் மீறி அது எல்லோர் காதிலும் விழுந்தது. தம்பி சுத்தியலைப் பிடித்தபடி உறைந்தான். பின்பு மண்டியிட்டுக் கூரை விளிம்பின் தகர ஓடையைக் குனிந்து பார்த்தான். அதில் ஓடியது தண்ணீராக இல்லை, இளம்பச்சையாக நுரைத்தது. ஒரு சொல்லும் பேசாமல் ஏணிக்குப் பாய்ந்தான்.

அவள் அதற்குமுன்பே ஓடியிருந்தாள். தொட்டி கட்டடத்தின் மூலையில், ஆள்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தது. கல்லில் கால் ஊன்றி ஏறி, குழாய் தொட்டியின் விளிம்பில் வாய்திறக்கும் இடத்தைப் பற்றினாள். குழாய் உள்ளிருந்து இருமியது. காற்று வந்தது, காற்றோடு ஒரு வாய்த் தண்ணீர் தெறித்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று அவளால் காண முடியவில்லை. தோளிலிருந்த சாக்கைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்தாள். நீர் அதை உந்தியது. மார்பைக் கொடுத்து அழுத்தினாள். விளிம்பெல்லாம் பச்சை பீறிட்டு முழங்கை வழியே தொட்டிக்கு வெளியே ஓடிற்று. வேலையில் வெடித்த விரற்சந்துகளில் புகுந்து எரித்தது.

"சீக்கிரம்டா!"

"தார் இறுகிடுச்சுக்கா! அசைய மாட்டேங்குது!" என்றான் தம்பி ஏணியில் நின்று.

"மாமா, கீழ பிடிங்க! நான் மேல அடிக்கிறேன், நீங்க கீழ இழுங்க!"

உலைக்காரர் குழாயைக் கட்டிப்பிடித்து முழு உடலையும் தொங்கவிட்டார். சுத்தியல் விழுந்தது, மீண்டும் விழுந்தது. ஏழாவதோ எட்டாவதோ அடியில் இணைப்பு நெறிந்து, குழாய் அவரோடு பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. ஓடைநீர் இப்போது தொட்டிக்கு எட்டடி தள்ளி, வெறுந்தரையில் அருவியாக இறங்கியது. முற்றம் பச்சையாயிற்று. கண்காணக் குன்றின் சரிவில் அந்தப் பச்சை நெளிந்து நெளிந்து இறங்கிப் போயிற்று.

நர்ஸ் அருகே வந்தாள். குடை காற்றில் கவிழ்ந்திருந்தது. அதைச் சரிசெய்யவும் அவள் மறந்திருந்தாள்.

"யார் செஞ்ச கல்லு இது?"

"நான் செஞ்சதும்மா" என்றார் உலைக்காரர், தரையில் உட்கார்ந்தபடி.

"உள்ளே ஏதாவது போயிருக்கா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. நர்ஸ் தொட்டியின் அடிக்குழாயைப் பூட்டச் சொன்னாள். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பச்சையாய் நனைந்து நின்ற பெண்ணைக் கண்டு, "முதல்ல கையைக் கழுவும்மா. தோல் போயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.

மழை ஒரு மணிநேரம் நின்று பெய்தது. மூவரும் சுவரோரம் ஒடுங்கி நின்றார்கள். தம்பி நனைந்த பீடியைப் பற்றவைக்கப் பார்த்துத் தோற்றான்.

"நாளைக்கு இதைப் பூராவும் உரிக்கணும்" என்றான். "போட்ட ஒவ்வொரு ஆணியையும் நானே பிடுங்கணும்."

"ஆமா" என்றார் உலைக்காரர்.

"நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் வேலை இல்ல மாமா. எனக்கும் இருக்காது. பட்டறையே இருக்குமோ என்னவோ."

"தெரியும்டா."

"தெரியுமாம்!" அவன் பீடியைத் தூக்கியெறிந்தான். பிறகு வேறு குரலில், "காய்ச்சல்ல கிடந்தீங்களே, அப்ப ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன். இனிக்குதுன்னு சொன்னீங்க" என்றான்.

"நீ வெயில்ல நடந்து போய் வாங்கிட்டு வந்தேடா. வேற என்ன சொல்றது?"

அவள் மழையில் கழுவியும் பச்சை போகாத தன் முழங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளை எந்த வீட்டு அடுப்பு எரியும், எது எரியாது என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். முதலாளியம்மாவின் சன்னலில் தெரிந்த தலைகள் ஒவ்வொன்றாய் நினைவில் வந்தன. அவற்றுக்கெல்லாம் அவள் என்ன பதில் சொல்வாள்? அந்த ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே விழுந்திருந்தால் இத்தனை அழிவும் வீணாகும். அதை அறியாமல் குன்றிலிருந்து இறங்க அவளுக்குக் கால் வராது.

மழை விட்டது. அந்தியின் கடைசி வெளிச்சம் மேகத்தின் கீழ்விளிம்பில் தங்கியிருந்தது. அவள் நர்ஸிடம் வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கேட்டு வாங்கி, தொட்டியின் மேலேறி மூடியைத் தள்ளினாள். மேலிருந்து ஒரு கிண்ணம் மொண்டாள். மங்கிய ஒளியில் நீர் தெளிவா, பச்சையா என்று கண்ணால் சொல்ல இயலவில்லை. கீழே நின்ற கணவரிடம் நீட்டினாள், வழக்கத்தால். அவரும் வாங்கி உதட்டருகே கொண்டுபோனார், வழக்கத்தால். பின்பு கை நின்றது. கிண்ணத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீ பாரு" என்றார். "கண்ணை மூடிக்க. நாக்குல கொஞ்ச நேரம் வெச்சிரு. அவசரப்படாதே. வழுக்குதா பாரு, அப்புறம் கடிக்குதா பாரு."

அவள் கண்ணை மூடினாள். மேல்நீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். நடுவிலிருந்து மொண்டு பார்த்தாள். பின்பு கிண்ணத்தை ஒரு கோலில் கட்டி இறக்கி அடிநீரை எடுத்தாள். அதை வைத்த நாக்கு நெடுநேரம் அசையவில்லை. அவருடைய கண்கள் அவளுடைய முகத்தைவிட்டு அகலவில்லை. தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். இம்முறை குரல் உடைந்தது. "வெறும் தண்ணி."

அவர் ஈரத்தரையில் மெல்ல மண்டியிட்டார். உலை மூட்டுமுன் இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவருடைய வழக்கம். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் தவறியதில்லை. இப்போது இரு உள்ளங்கைகளையும் தொட்டியின் குளிர்ந்த சுவரில் பதித்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. பின்பு கைகளை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு, தலை தாழ்ந்தபடியே கூப்பினார்.

ஆசி என்பது மூத்தவர் இளையவருக்கு வழங்குவது. அந்த முறையை அவள் அறிவாள். முப்பதாண்டு மணவாழ்வில் மீறியவளும் அல்லள். அறிந்தே, தொட்டியிலிருந்து இறங்கிவந்து, பச்சை படிந்து வெடித்த தன் கையை அவருடைய நனைந்த தலைமேல் வைத்தாள்.

"நல்லா இருங்க" என்றாள். "ரொம்ப நாளைக்கு நல்லா இருங்க."